நடக்க வைத்தவர், நடையை அளந்தவர்: சர் ஜான் சார்ன்லி



நம் சுவாமிமலையில் ஒருவருடைய காலும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க எந்த டாக்டரும் வேண்டாம். சுவாமிநாத சுவாமி கோயிலின் அறுபது படிகள் போதும். தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரில் அமைந்த படிகள் அவை. போன வருஷம் ஒரே மூச்சில் ஏறியவர் இந்த வருஷம் எத்தனை இடத்தில் நின்றார், கைப்பிடியைப் பிடித்தாரா, இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கினாரா என்று கூட வந்தவர்கள் கவனித்துவிடுவார்கள்.

இப்படிக் கவனிப்பதை ஒரு கணக்காக மாற்றி, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை உண்மையில் பலன் தந்ததா என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தவர் சர் ஜான் சார்ன்லி. மருத்துவ உலகில் மிகப் பிரபலமான பெயர். நம்மில் பலருக்கு அது புதிய பெயராக இருக்கலாம். ஆனால் அவருடைய யோசனையில் உருவான மூட்டின் வாரிசுதான் இன்று நம் குடியிருப்பில் சிலருடைய இடுப்பில் இருக்கிறது. அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களும் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்துக் கடைக்காரர் மகன்

1911 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பரி என்ற ஊரில் சார்ன்லி பிறந்தார். பருத்தி ஆலைகளும் தறிகளும் நிறைந்த வட்டாரம் அது. அப்பாவுக்கு மருந்துக் கடை. அம்மா நர்ஸ். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, இருபத்தைந்து வயதில், அறுவை சிகிச்சையில் எஃப்.ஆர்.சி.எஸ். தேறிவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1940-ல் டன்கிர்க் கடற்கரையிலிருந்து வீரர்களை மீட்கும் பணியில் இருந்தார். பிறகு எகிப்துக்கு அனுப்பப்பட்டார். கெய்ரோவில் அடிபட்ட வீரர்களுக்கான கட்டைகளும் கருவிகளும் செய்யும் பட்டறையில் வேலை. இரும்பு, திருகாணி, அரம் ஆகியவற்றின் மீது அவருக்கு இருந்த மோகம் அங்கேதான் முற்றியது. கடைசிவரை அவர் பாதி டாக்டர், பாதி மெக்கானிக். வீட்டிலேயே லேத் வைத்திருந்தார். நோயாளிக்குப் பொருத்தும் கிண்ணத்தைத் தன் கையால் கடைந்தும் இருக்கிறார்.

போர் முடிந்து ஊர் திரும்பியதும் எலும்பு ஒட்டு எப்படி உயிர்பிடிக்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். அதற்காகத் தன் கால் எலும்பிலேயே ஒரு சக மருத்துவரை அறுவை செய்யச் சொன்னார். புண்ணில் கிருமி தொற்றி, மறுபடியும் அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. தன் உடம்பில் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பின்னாளிலும் அவரை விடவில்லை.

1947-ல் மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் பொறுப்பேற்றார். எலும்பு முறிவை வெட்டித் திறக்காமல் சரிசெய்வது பற்றி அவர் 1950-ல் வெளியிட்ட புத்தகம் உலகெங்கும் எலும்பு மருத்துவர்களின் மேஜைக்குப் போனது.

கிறீச்சிட்ட இடுப்பு

நம் இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டின் மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்து போனால் எலும்பும் எலும்பும் உராயும். இரவில் தூக்கம் போகும். வாசல் வரை நடப்பதே பெரும்பாடு ஆகும். அந்தக் காலத்தில் இதற்கு இருந்த உறுதியான வைத்தியம், மூட்டை அசையாமல் ஒட்டி இறுக்கிவிடுவது. வலி போகும், அசைவும் போகும்.

செயற்கை மூட்டு யோசனை சார்ன்லிக்கு முன்பே இருந்தது. 1938-ல் லண்டனில் பிலிப் வைல்ஸ் எஃகில் பந்தும் கிண்ணமும் செய்து பொருத்தினார். பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1946-லிருந்து அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பந்து செய்து பொருத்தினார்கள். முதல் சில மாதங்கள் நன்றாக இருக்கும். பிறகு தளர்ந்துவிடும்.

அப்படி ஜூடே பந்து பொருத்திக்கொண்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இடுப்பு எண்ணெய் போடாத கதவுபோலக் கிறீச்சிட்டது. அவர் மனைவிக்கே அந்தச் சத்தம் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சார்ன்லி அதில் ஒரு பௌதிக விதியைப் பார்த்தார். சத்தம் வருகிறது என்றால் உராய்வு அதிகம். உராய்வு அதிகம் என்றால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பந்து தன் காம்பைத் திருகுகிறது. திருகத் திருக அது எலும்பிலிருந்து கழன்றுகொள்ளும். ஆகவே உராய்வைக் குறைப்பதுதான் முதல் வேலை.

அதற்கு அவர் மூன்று வழிகள் கண்டார். முதலாவது, பந்தைச் சிறிதாக்குவது. இயற்கையான பந்து ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அவர் சுமார் 22 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவந்தார். சக்கரத்தின் அச்சு மெலிந்தால் உராய்வின் திருகு விசை குறைவது போலத்தான் இது. இரண்டாவது, எஃகுப் பந்துக்கு வழுக்கும் பிளாஸ்டிக்கில் கிண்ணம். மூன்றாவது, இரண்டையும் எலும்பில் நிலைநிறுத்த, பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் மாவு. மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த டெனிஸ் ஸ்மித் இதற்கு உதவினார். இது பசைபோல ஒட்டுவதில்லை. டைல்ஸ் இடைவெளியில் பூசும் கலவைபோல சந்து பொந்தெல்லாம் நிறைந்து இறுகி, சுமையைப் பரவலாகத் தாங்கும்.

முன்னூறு பேரின் நடை

வழுக்கும் பிளாஸ்டிக் என்று அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். இன்று நம் தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே பொருள். 1950-களின் இறுதியிலிருந்து சுமார் முன்னூறு பேருக்குப் பொருத்தினார். அதிசயம் போல இருந்தது. வலி உடனே போனது. கைத்தடியோடு வந்தவர்கள் தடியில்லாமல் நடந்து போனார்கள். 1961-ல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். காசநோய்க்காகக் கட்டப்பட்ட ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு அறுவைக்கென்றே ஒரு மையமும் அதே காலத்தில் உருவானது.

அங்கேயே அவர் நிறுத்தியிருந்தால் வெற்றி விழா கொண்டாடியிருக்கலாம். ஆனால் அவர் தன் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப வரச்சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் விஷயம் வெளிப்பட்டது. டெஃப்லான் வேகமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. எஃகுப் பந்து கிண்ணத்தைக் குடைந்து மேலே ஏறியது. தேய்ந்த துகள்கள் சுற்றிலும் உள்ள திசுவைப் புண்ணாக்கின. நன்றாக நடந்தவர்கள் மறுபடியும் நொண்டத் தொடங்கினார்கள்.

ஒரு மருத்துவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வராது. முன்னூறு பேர் அவரை நம்பி இடுப்பைக் கொடுத்தவர்கள். அவர் இதை மூடி மறைக்கவில்லை. கிண்ணம் கெட்டுப்போனவர்களை அழைத்து, நடந்ததைச் சொல்லி, கழற்றும் அறுவையைத் தானே செய்தார். டெஃப்லான் துகள்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்ய, டெஃப்லானையும் வேறொரு பிளாஸ்டிக்கையும் தன் தொடையிலேயே புதைத்துக்கொண்டார். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது டெஃப்லான் வைத்த இடங்கள் கட்டியாகத் தட்டுப்பட்டன. மற்ற பிளாஸ்டிக் வைத்த இடங்களில் ஒன்றும் இல்லை.

அந்த மற்ற பிளாஸ்டிக்கின் கதை சுவாரசியமானது. லங்காஷயர் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்ய ஒரு புதிய வகை பாலிஎத்திலீனை விற்க 1962-ல் ஒரு விற்பனையாளர் வந்தார். சார்ன்லி அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. உதறிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவருடைய பட்டறைத் தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் சும்மா இருக்கவில்லை. தான் அமைத்த தேய்மான எந்திரத்தில் அதைப் போட்டு ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரங்களில் தேயவில்லை. வேண்டாம் என்று சொன்ன முதலாளி, எந்திரம் காட்டிய கணக்கைப் பார்த்ததும் மனம் மாறினார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பலவிதமாக மேம்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுவது அந்த வகைப் பொருள்தான்.

முதல் ஆண்டின் நல்ல நடையை நம்பக்கூடாது என்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. புதிய கிண்ணம் நன்றாக இருந்தும் பல ஆண்டுகள் மற்ற மருத்துவர்களுக்கு அதைத் தாராளமாக விற்க விடவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையாகக் கற்றவர்களுக்கே கிடைக்கச் செய்தார். தன் நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டார்: இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்து ஆராய அனுமதி. நடக்க வைத்தவர் கேட்கிறார் என்று ஏராளமானவர்கள் சம்மதித்தார்கள்.

கிருமித் தொற்றையும் அவர் விடவில்லை. ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத் தொற்று வந்தது. வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே இறங்கும் கண்ணாடிக் கூண்டு ஒன்றை அறுவை அரங்குக்குள் அமைத்து, மருத்துவர்களின் உடையையும் மாற்றினார். சுமார் பத்து ஆண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

நடைக்கு மார்க் போடுவது எப்படி?

ஆபரேஷன் பலித்ததா என்று கேட்டால் ஒருவர் பரவாயில்லை என்பார், ஒருவர் தேவலை என்பார். இதை வைத்து ஆயிரம் பேரின் நிலையை ஒப்பிட முடியாது. பிரான்சில் மெர்ல் டோபின்யே, போஸ்டல் என்ற இரு மருத்துவர்கள் 1954-ல் ஒரு மார்க் முறையை வெளியிட்டிருந்தார்கள். சார்ன்லி அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு, 1972-ல் தன் நீண்டகால முடிவுகளை வெளியிட்டபோது பயன்படுத்தினார். வலிக்கு ஆறு, மூட்டின் அசைவுக்கு ஆறு, நடைக்கு ஆறு என்று மார்க்.

நடைக்கான மார்க் சுமாராக இப்படி: இரண்டு தடியோ ஊன்றுகோலோ வைத்துச் சில அடி மட்டும் நடப்பவருக்கு 1. தடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிகக் குறைந்த தூரமும் நேரமுமே நடக்க முடிந்தால் 2. ஒரு தடியோடு ஒரு மணி நேரத்துக்குள், தடியில்லாமல் சிரமம் என்றால் 3. ஒரு தடியோடு நெடுந்தூரம் போக முடிந்தால் 4. தடியே வேண்டாம், ஆனால் நொண்டல் இருக்கிறது என்றால் 5. இயல்பான நடை 6.

இதில் சார்ன்லி சேர்த்த சிறு திருத்தம்தான் முக்கியமானது. மார்க்குக்கு முன்னால் ஓர் எழுத்து போட்டார். ஒரு பக்க இடுப்பு மட்டும் கெட்டு, மற்றபடி நடையைத் தடுக்க எதுவும் இல்லாதவர் ஏ. இரண்டு இடுப்பும் கெட்டவர் பி. முடக்குவாதம், பக்கவாதம், இதய நோய், மூச்சு நோய், தள்ளாமை என்று வேறு ஏதாவது நடையைக் கெடுத்தால் அவர் சி.

ஏன் இந்த எழுத்து? சி பிரிவில் உள்ளவருக்கு இடுப்பு எவ்வளவு அருமையாக அமைந்தாலும் நடை மார்க் ஏறாது. இதயம் களைத்துவிட்டால் கால் என்ன செய்யும்? அவருடைய குறைந்த மார்க்கை ஆபரேஷனின் தோல்வி என்று எழுதுவது தவறு. அப்படியே, ஏ பிரிவில் உள்ள நாற்பது வயதுக்காரரின் அழகான நடையைக் காட்டி, ஆபரேஷன் எல்லோருக்கும் அப்படியே பலிக்கும் என்று சொல்வதும் தவறு. நடை என்பது இடுப்பு மட்டும் நடப்பதில்லை. முழு ஆளும் நடக்கிறார்.

இந்தப் பாடம் நம் லிஃப்ட் வாசலுக்கும் பொருந்தும். பக்கத்து பிளாக்கில் ஒருவர் மூன்றாவது வாரமே தடியைப் போட்டுவிட்டார், நீங்கள் இன்னும் வாக்கரோடா என்று கேட்பது நம் பழக்கம். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் கேட்கப்படுபவருக்குச் சர்க்கரை, மூட்டுவாதம், இன்னொரு இடுப்பில் தேய்மானம் எல்லாம் இருக்கலாம். அவர் அவசரப்பட்டு வாக்கரை விட்டு விழுந்தால் யார் பொறுப்பு? ஒருவருடைய நடையை அவருடைய போன மாத நடையோடுதான் ஒப்பிட வேண்டும்.

சார்ன்லியின் காலத்திலேயே, 1969-ல், அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் நூறு மார்க் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றும் பல மருத்துவமனைகளில் அதுதான் வழக்கம். வலிக்கு 44 மார்க். நொண்டல், தடி, நடக்கும் தூரம் ஆகிய மூன்றுக்கும் தலா 11. கைப்பிடி பிடிக்காமல் படி ஏறினால் 4, பிடித்து ஏறினால் 2. பஸ்ஸில் ஏற முடிந்தால் 1. கும்பகோணம் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குபவர்களுக்கு இந்த ஒரு மார்க் போதாது என்றே தோன்றும். ஷூவும் சாக்ஸும் மாட்ட முடிகிறதா என்று கேட்கும் அந்தப் பட்டியல், சம்மணம் போட்டு உட்கார்வதையோ குத்துக்காலிடுவதையோ கேட்பதில்லை. நம் ஊரில் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிய வேண்டியது இவற்றைத்தான். பந்து கிண்ணத்தைவிட்டு நழுவும் அபாயம் இருப்பதால் தரையில் உட்காராதீர்கள், தாழ்வான இருக்கை வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு நாற்காலி, பத்து அடி

மார்க் முறைகளோடு கடிகாரமும் பின்னர் சேர்ந்துகொண்டது. 1991-ல் வெளியான ஓர் எளிய சோதனையைப் பிசியோதெரபிஸ்டுகள் இன்று தினமும் செய்கிறார்கள். கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர், அதாவது சுமார் பத்து அடி வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகப் பிடிக்கும் தடியோ வாக்கரோ பிடிக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் முதியவர் தடுக்கி விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று முப்பது மீட்டர் நீளக் காரிடாரில் அளப்பது. முதல் சோதனை எழுந்திருப்பதையும் திரும்புவதையும் காட்டும். இரண்டாவது தாக்குப்பிடிக்கும் சக்தியைக் காட்டும்.

நம் தரைத்தள காரிடாரில் பத்து அடிக்கு ஒரு கோடு போட்டு, ஓர் உறுதியான நாற்காலியும் வைத்தால் முதல் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். ஆபரேஷன் ஆனவர்கள் தங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ அனுமதித்த பிறகு மட்டும், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, ஈரமில்லாத தரையில் செய்ய வேண்டும். தேதி, விநாடி, தடி இருந்ததா இல்லையா என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டலாம். வாய்வார்த்தையாக பரவாயில்லை என்று சொல்வதைவிட அது அவருக்கு உதவும். நன்றாக இருந்த நடை திடீரென்று மெதுவானாலும், தொடையிலோ தொடை இடுக்கிலோ புதிதாக வலி வந்தாலும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மூட்டு தளர்வதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

கடைசி ஆண்டுகள்

1957-ல் சார்ன்லி ஜில் ஹீவரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். 1974-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1975-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அறுவை மருத்துவர்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் கௌரவம் அது. 1977-ல் சர் பட்டம் வந்தது. 1982 ஆகஸ்ட் 5 அன்று, எழுபத்தொன்றாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மறைந்தார்.

2007-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, இடுப்பு மூட்டு மாற்றைச் சென்ற நூற்றாண்டின் தலைசிறந்த அறுவை சிகிச்சையாகக் குறிப்பிட்டது. அதே இதழ் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, பொருத்திய மூட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 58 இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டியும் தாங்கும் என்று கணக்கிட்டது. ஆபரேஷன் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும் நோயாளிகளைக் கூப்பிட்டு, எழுதிவைத்து, கூட்டிப் பார்ப்பதால்தான் இப்படி ஒரு எண்ணைச் சொல்ல முடிகிறது.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சின்ன உறவும் உண்டு. கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் செய்யும் சில இடுப்பு மூட்டுப் பாகங்களை மெழுகு வார்ப்பு முறையில்தான் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. காவிரி வண்டலில் அச்சு கட்டி நம் ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சலோகச் சிலைகள் வார்ப்பதும் இதே முறைதான். வார்த்து முடித்ததும் ஸ்தபதி வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதில்லை. அச்சை உடைத்துப் பார்த்து, குறை இருந்தால் மறுபடி உலையில் போடுவார். டெஃப்லான் கிண்ணங்களைத் தன் கையாலேயே கழற்றி எடுத்த மான்செஸ்டர் டாக்டரை நம் வடக்கு வீதிப் பட்டறைக்காரர்களுக்கு எளிதாகப் புரியும்.